மாலை போட்ட சாமியிடம் யார் சொல்வது

"கழுத்துல ஒண்ணும் கிடக்கக் கூடாது. செயினு, கயிறு, தாயத்து, துண்டு, எதுவும். தாலியாவே இருந்தாலும் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் மெஷின்கிட்ட வரணும்."

முதல் நாள் ஒர்க்‌ஷாப்பில் எங்கள் சார் இப்படிச் சொன்னபோது பையன்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த மெஷினிஸ்ட் பிரிவில் பெண்பிள்ளை என்று நான் ஒருத்திதான். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, தாலிக்கு எங்கே போவேன். சார் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பையனின் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவி, ஓடிக்கொண்டிருந்த லேத்தின் மேல் அதன் நுனியை மட்டும் பட வைத்தார். அவ்வளவுதான். அவர் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், சுழலும் இரும்பு அதைத் தன்மேல் சுருட்டிக்கொண்டது. "துணிக்குப் பதிலா ஒன் கழுத்துன்னு நெனச்சுக்க" என்றார்.

இது எண்பதுகளில், திண்டுக்கல்லில் பழனி ரோட்டின் மேல் இருந்த ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில். பெயர் வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை, அதற்குள் நாலைந்து பழைய லேத்துகள், ஒரு ஷேப்பிங் மெஷின், சுவரோரமாக, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மாட்டிய பெஞ்சுகள். வெயில் காலத்தில் உள்ளே நின்றால் கட்டிங் ஆயில் வாடையோடு நாமும் சேர்ந்து வேகவேண்டும்.

நான் சின்னாளபட்டிக்காரி. எங்கள் தெருவில் எல்லோர் வீட்டிலும் தறிதான். மெஷினிஸ்ட் படிக்கப் போகிறேன் என்றதும் என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அது உக்காந்து செய்யிற வேலையா, நின்னு செய்யிற வேலையா?" என்பது. நின்று செய்கிற வேலை என்றேன். "கால் வலிக்குமேடி" என்றாள். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆயுசு முழுக்க உட்கார்ந்தே இருந்தவளுக்கு நிற்பது பெரிய கஷ்டமாகத் தெரிந்தது. எனக்கு உட்கார்ந்து செய்கிற எந்த வேலையும் ஆகாது. டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்த்துவிட்டார்கள். ஒரே நாலு எழுத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னதில் எரிச்சல் வந்து, ஒரு மாதத்தில் நின்றுவிட்டேன். அதற்கப்புறம்தான் ஒரு நாள் தறியில் ஏதோ ஒரு அச்சு முறிந்து, அதைப் புதிதாகச் செய்துவாங்க அப்பாவுடன் திண்டுக்கல்லில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். இரும்பு சுழல்கிறது, கத்தி மாதிரி ஒரு டூல் அதன்மேல் மெல்ல நகர்கிறது, இரும்பு சுருள் சுருளாக உரிந்து கீழே விழுகிறது. இரும்பைக்கூட வெள்ளரிக்காய் மாதிரி சீவ முடியுமா என்று வாயைப் பிளந்து நின்றேன். அப்பா இரண்டு தடவை கூப்பிட்டும் எனக்குக் காது கேட்கவில்லையாம்.

சேர்க்கிற அன்றைக்கே பிரின்சிபால் ஒரு நிபந்தனை போட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எதைச் சொன்னாலும் கூரைக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொல்வார். "இந்த டிரேடுல இதுவரைக்கும் பொம்பளைப் பிள்ளையச் சேத்ததில்ல. உன்னால ஒரு சின்ன ஆக்சிடென்ட் ஆனாலும் உன்னையத் தையலுக்கு மாத்திருவேன். அடுத்த வருசத்துலருந்து எந்தப் பிள்ளையும் இதுல சேர முடியாது. யோசிச்சுக்க." நான் யோசிக்கவில்லை, சரி என்றேன். தையல் என்றால் திரும்பவும் உட்கார வேண்டும். அந்த ஒரு வார்த்தையே என்னை இரண்டு வருஷம் உஷாராக வைத்திருந்தது.

சார் என்னிடமிருந்து ஒவ்வொன்றாக உருவினார். வளையல் போச்சு. கொலுசு போச்சு. காதில் கிடந்த ஜிமிக்கி போய் ஒரு சின்னத் தோடு வந்தது. பூ வைக்கக் கூடாது. நிலக்கோட்டைப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக மல்லிகை வந்து இறங்குகிற ஊரில், தலையில் பூ இல்லாமல் பஸ்ஸில் போய் வந்தேன். பின்னலைச் சுருட்டி, துணியால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஒரு தொப்பி. பாவாடை தாவணியில் பஸ் ஏறி வந்து, ஸ்டோர் ரூமில் அண்ணனின் பழைய காக்கிப் பேன்ட்டுக்கு மாறுவேன். என் வெறுங்கையைப் பார்த்து அம்மா ஒரு வாரம் பேசவே இல்லை. "மூளியா நிக்கிறா பாரு, கல்யாணம் ஆகாத பிள்ளை" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்தக் கைக்குட்டை போன வேகத்தை நான் பார்த்திருக்கிறேன், அவள் பார்க்கவில்லை. அதனால் சார் சொன்னதில் ஒன்றைக்கூட நான் மீறியதில்லை.

அவர் யாரையும் விட்டுவைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கைக்கடிகாரத்தோடு வந்தவனை வெளியே நிறுத்தினார். முழுக்கைச் சட்டையைச் சுருட்டாமல் வந்தவனின் கையைப் பிடித்து, தானே முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, முதுகில் ஒன்று வைத்தார். செருப்புப் போட்டு வந்தவனிடம், "ஏலே, கீழ கெடக்குறது என்ன, மல்லியப்பூவா? ஷூ போட்டு வாடா" என்பார். தரையெல்லாம் இரும்புச் செதில். வெறுங்காலில் ஏறினால் பிளேடுதான்.

முதல் மூன்று மாதம் அரம் பிடித்து இரும்பை ராவியே உள்ளங்கை தோலுரிந்தது. பிறகுதான் லேத்துக்கு விட்டார்கள். லேத் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 'சக்' என்ற தடித்த வட்டத் தலை ஒன்று இருக்கும். அது இரும்புத் துண்டைக் கவ்விக்கொண்டு சுழலும். நாம் டூலை அதன்மேல் நகர்த்தி அளவுக்குச் செதுக்குவோம். சக்கின் தலையில் துருத்திக்கொண்டிருக்கும் தாடைகள்தான் எமன். சுழலும்போது அவை கண்ணுக்கே தெரியாது.

ஒரு லேத்துக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டினால் மற்றவர் பக்கத்தில் நிற்க வேண்டும், சுவிட்சுக்குக் கையெட்டும் தூரத்தில். இது சாரின் சட்டம். என் கூட்டாளி சாணார்பட்டிப் பக்கத்துப் பையன். வீட்டில் தென்னையும் தக்காளியும். வாய் பேசத் தெரியாத சாது. நான் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேன், அவன் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை பேசுவான். ஜோடி நன்றாகத்தான் இருந்தது. நான் மில்லிமீட்டரில் ஒரு பங்கு அதிகம் செதுக்கிவிட்டு முழித்தால், "விடு பிள்ள, அடுத்த பீஸ்ல பாத்துக்கலாம்" என்பான். என்னிடம் மரியாதையாக இருந்த பையன்களில் அவன்தான் முதல்.

மார்கழி பிறந்தது. அவன் பழனிக்கு மாலை போட்டான்.

எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதே இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் மாலை போட்டு விரதம் இருப்பார்கள். மாலை கழுத்தில் ஏறிய நிமிஷத்திலிருந்து அவன் சாமி. பெற்ற அப்பன்கூட அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், 'வாங்க சாமி, சாப்பிடுங்க சாமி' என்பான். வையக் கூடாது, அடிக்கக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது. அவனும் செருப்புப் போடக் கூடாது, முடி வெட்டக் கூடாது, மலையேறித் தரிசனம் ஆகும் வரை மாலையைக் கழற்றக் கூடாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். என் அண்ணனே மாலை போட்டவன்தான். ஆனால் அவன் தறியில் உட்கார்ந்தான். தறி கழுத்தைப் பிடித்து இழுக்காது.

மாலை போட்ட மறுநாள் அவன் வெறுங்காலோடு, கழுத்தில் ருத்ராட்ச மாலையோடு, தோளில் பச்சைத் துண்டோடு ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தான். நான் சாரைப் பார்த்தேன். இப்போது தகரம் அதிரப் போகிறது என்று காத்திருந்தேன்.

"வாங்க சாமி" என்றார் சார்.

நான் திகைத்துப்போனேன். அந்த மனுசனின் வாயிலிருந்து 'ங்க' என்ற ஒலி வந்து நான் கேட்டதே இல்லை. அவரே பெரிய முருக பக்தர், நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே வரமாட்டார் என்பது தெரியும். அதற்காக? வெறுங்காலுக்கு வையவில்லை. துண்டைக் கழற்றச் சொல்லவில்லை. மாலையைப் பார்த்தும் பாராதது மாதிரி அடுத்த லேத்துக்குப் போய்விட்டார். பார்த்து நடங்க சாமி என்று சொல்லி, ஒரு பையனை விட்டு அந்த லேத்தைச் சுற்றி மட்டும் செதிலைப் பெருக்கச் சொன்னார். தாலியைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்ன வாய் அது.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. மத்தியானம் சாரிடம் போனேன்.

"சார், கழுத்துல ஒண்ணும் கெடக்கக் கூடாதுன்னு சொன்னீகளே."

"அது மாலைம்மா."

"மெஷினுக்கு அது மாலைன்னு தெரியுமா சார்?"

சார் என்னை முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாமிகிட்டப் போயி மாலையக் கழட்டுன்னு எவன் சொல்றது? எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. நீ ஒன் வேலையப் பாரு" என்றார். அவர் பயந்துபோயிருந்தார்.

சரி, அவனிடமே சொல்வோம் என்று போனேன். "சாமி, மாலைய லேத்துகிட்ட வரும்போது மட்டும் கழட்டி வச்சா என்ன?" என்றேன். ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது மாதிரி பார்த்தான். "குருசாமி கையால போட்டது. மலையேறித்தான் கழட்டணும்" என்றான். அப்படியானால் சட்டைக்குள் போட்டு மேல் பித்தானை மாட்டு என்றேன். அதற்குச் சம்மதித்தான். இரண்டு நாள் உள்ளே கிடந்தது. மூன்றாம் நாள் வெளியே வந்துவிட்டது. "மாலைய மறைக்கக் கூடாதுன்னு குருசாமி சொல்லிட்டாரு" என்றான். துண்டை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டான். அதுவரைக்கும் புண்ணியம்.

அந்த மாலை நூலில் கோத்திருந்தாலாவது பரவாயில்லை, இழுத்தால் அறுந்திருக்கும். செம்புக் கம்பியில் ஒவ்வொரு கொட்டையாகக் கட்டிக் கோத்தது. அவன் குனிந்து அளவு பார்க்கும்போதெல்லாம் அது முன்னால் தொங்கி ஆடும். நான் சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொண்டு அதையே பார்ப்பேன். அவன் என்ன செதுக்குகிறான் என்பதைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்குப் போனால் எனக்குத்தான் கழுத்து வலித்தது.

பொங்கல் கழிந்தது. தைப்பூசம் நெருங்க நெருங்க பழனி ரோடு முழுக்க நடைக்காரர்கள். பச்சையும் மஞ்சளுமாக, காவடியும் அரோகராவுமாக, காலையிலிருந்து இருட்டும் வரை எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவனும் இன்னும் சில நாளில் கிளம்ப வேண்டியது. அந்தச் சமயத்தில்தான் எனக்கு மாதவிலக்கு வந்தது.

"அந்தப் பிள்ளை மாலை போட்டிருக்குல்ல. இந்த மூணு நாளு போகாதடி. தீட்டுப் பட்டா அவனுக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது" என்றாள் அம்மா. போகாமல் இருந்தால் வருகைப்பதிவு குறையும், குறைந்தால் டிரேட் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அதனால் மறுநாள் போனேன். ஆனால் எனக்கும் பயபக்தி இல்லாமல் இல்லை. அவன் நாற்பது நாள் விரதத்தை நான் கெடுக்க வேண்டுமா. சாரிடம் போய், "இன்னைக்கு நான் பெஞ்சுல அரம் போடுறேன் சார்" என்று மட்டும் சொன்னேன். சாருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினார். அவனிடம் வேறு யாரையாவது நிறுத்துவார் என்று நினைத்தேன். யாரையும் நிறுத்தவில்லை. லேத்தில் அவன் தனியாக நின்றான். நான் சுவரோரம், வைஸ் பக்கம், கொட்டகையின் அந்தக் கடைசியில் நின்றேன்.

ரோட்டில் ஒரு கூட்டம் பாடிக்கொண்டு போனது. அவன் திரும்பி வாசல் பக்கம் பார்த்தான், கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு அளவு பார்க்கக் குனிந்தான். மெஷினை நிறுத்தாமலே குனிந்தான். நான் அரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். ஏன் ஓடினேன் என்றால், மாலை ஆடி முன்னால் போனதைப் பார்த்தேன். இத்தனை நாளாக அதையே பார்த்துப் பழகிய கண்.

சத்தமே இல்லை. அதுதான் இப்போதும் என்னைத் தூக்கிப்போடுகிறது. ஒரு அலறல் இல்லை, ஒன்றுமில்லை. அவன் தலை மட்டும் படக்கென்று சக்கைப் பார்த்து இறங்கியது, ஏதோ ரகசியம் கேட்கக் குனிந்த மாதிரி. இரண்டு கையாலும் மெஷினின் உடம்பை உந்திக்கொண்டிருந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது. நான் சிவப்புப் பித்தானை அமுக்கினேன். லேத் உடனே நிற்காது, அந்த வேகத்தில் இன்னும் சில சுற்றுச் சுற்றித்தான் நிற்கும். அந்தச் சுற்றுக்கு அவன் கழுத்துத் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. கம்பிக்கும் அவன் தொண்டைக்கும் நடுவில் என் கையைக் கொடுத்தேன். கம்பி என் உள்ளங்கையில் இறங்கியது. பிறகு சக் நின்றது. சார் ஓடிவந்து அதைக் கையால் பின்னோக்கித் திருப்பினார், கம்பி தளர்ந்தது, அவன் தரையில் உட்கார்ந்து ஒரு மூச்சு இழுத்தான் பாருங்கள், அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லோரும் அலறினார்கள். செதிலுக்குள் ருத்ராட்சக் கொட்டைகள் உருண்டு கிடந்தன.

சின்ன வெங்காய மூட்டை ஏற்றி வந்த டெம்போ ஒன்றை மறித்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் கையிலும் தையல் போட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, எலும்பு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது என்றார் டாக்டர். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். சார் என் பக்கத்தில் நின்றார். "நீ இல்லேன்னா அவன் இல்ல" என்றார். என் காதால் கேட்டது இது. அதை நம்பித்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும், என் பெஞ்சுக்குப் பக்கத்துப் பெஞ்சிலிருந்தவன் தன் அரத்தையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். கை வலிக்கிறது என்று பார்த்துப் பரிதாபப்படுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். இன்னொருவன்தான் போட்டு உடைத்தான். "அந்தப் பிள்ள ஏன் நேத்துத் தள்ளி நின்னுச்சு? வீட்டுக்குத் தூரம். அதோட வந்து மெஷினுக்குள்ள நொழஞ்சா சாமி சும்மா விடுமா?"

தீட்டுப் படக்கூடாது என்று நான் தள்ளி நின்றது அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. தள்ளி நிற்காமல் வழக்கம்போல் சுவிட்ச் பக்கத்திலேயே நின்றிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவன் கழுத்தும் அத்தனை தூரம் போயிருக்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். மாலை மாட்டியது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, நான் தொட்டது மட்டும் தெரிந்தது. மாட்டிய பிறகுதானே தொட்டேன் என்று கத்தினேன். சார் அங்கேதான் இருந்தார். சாணைக் கல்லில் ஒரு டூலைத் தீட்டிக்கொண்டே இருந்தார். அந்த டூல் ஏற்கெனவே தீட்டியதுதான்.

அடுத்த வாரம் பிரின்சிபால் கூப்பிட்டுவிட்டார். அம்மாவோடு போனேன். அறைக்குள் பிரின்சிபால், சார், பிறகு என் கூட்டாளியின் அப்பா. தலையில் உருமாக்கட்டோடு, வெயிலில் காய்ந்த மனிதர். மேஜைமேல் என் பெயர் எழுதிய மாறுதல் தாள் இருந்தது. மெஷினிஸ்ட் என்பதை அடித்துத் தையல் என்று எழுத வேண்டியதுதான் பாக்கி.

பிரின்சிபால் கூரைக் கம்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அன்னைக்கு நீ... எப்படிம்மா இருந்தே?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. அப்பா வயதில் மூன்று ஆம்பிளைகள். அதை என் அண்ணன்கூட என்னிடம் கேட்டதில்லை, என் வீட்டில் அதற்கு வாய்விட்டு ஒரு சொல்லே கிடையாது. பக்கத்தில் அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். இல்லை என்று சொல்லு என்று அர்த்தம். சொல்லியிருக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள். நான் சாரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். மாலையைப் பற்றி நான் அவரிடம் சொன்னதும், அவர் சொன்ன பதிலும், 'நீ இல்லேன்னா அவன் இல்ல' என்றதும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வந்ததே ஒரு கோபம்.

"தூரம்தான் சார். ரெண்டாம் நாளு. அந்தக் கையாலதான் சுவிட்ச அமுக்குனேன். அந்தக் கையத்தான் அவுக மகன் கழுத்துக்குக் குடுத்தேன்." கட்டுப் போட்டிருந்த கையை மேஜைமேல் வைத்தேன். "குளிச்சுட்டு வந்து அமுக்கியிருக்கணுமா? அதச் சொல்லுங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அப்பா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பெற்றவர் அல்லவா, மகன் உயிரோடு கிடக்கிறான் அல்லவா. அவர் வெகுநேரம் என் கையைப் பார்த்தார். பிறகு பிரின்சிபாலிடம், "தொட்டது தொட்டாச்சுங்க. பரிகாரம் என்னன்னு குருசாமிகிட்டத்தான் கேக்கணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தோட்டத்துக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்கிற மாதிரிச் சொன்னார். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்னைக் காப்பாற்றியது நியாயம் அல்ல. பிரின்சிபாலின் தலைவலி. அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார், பேனாவை மூடினார். "இத மாத்துனா காரணம் எழுதணும். தீட்டுன்னு மேல எழுத முடியாது, சிரிப்பாங்க. உள்ளதச் சொன்னா மாலைன்னுதான் எழுதணும். அப்புறம் எங்க எல்லாருக்கும் வேலை போகும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டவர், தாளை மடித்து இழுப்பறையில் போட்டார். "போ. போயி வேலையப் பாரு. இந்தப் பேச்ச இதோட விட்ருங்க." கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. யாருடைய கவனக்குறைவு என்று எழுதினார்களோ, நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். செட்டியபட்டி தாண்டியதும், "இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போகும்?" என்றாள். "அம்புட்டு ஆம்பளைகளுக்கு முன்னாடி" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, கட்டுப் போட்ட என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் வந்து இறங்கும் வரை விடவே இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் அதற்கப்புறம் நான் தனியாகத்தான் லேத் ஓட்டினேன். சுவிட்ச் பக்கத்தில் நிற்க யாரும் வரவில்லை, சாரும் யாரையும் அனுப்பவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அவன் வருவான். அவனுக்குத் தெரியும். தொண்டையில் கம்பி இறுகியபோது உள்ளே வந்த கை எது, எப்போது வந்தது என்று உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வந்து வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் இவர்கள் எல்லோர் மூஞ்சியும் எங்கே போகும் என்று நினைத்துக்கொள்வேன்.

மாசியில் வந்தான். முடி எடுத்த மொட்டைத் தலை, அதில் சந்தனம். கழுத்தைச் சுற்றி ஒரு கறுத்த கோடு. நடந்து போக முடியாததால் அவன் அப்பா பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்ப் பரிகாரம் செய்து, மொட்டை போட்டுக் கூட்டிவந்திருக்கிறார். கையில் பஞ்சாமிர்த டப்பா. குரல் இன்னும் முழுதாக வரவில்லை, காற்றுதான் வந்தது. ஒவ்வொரு மெஷினாகப் போய் எல்லோருக்கும் ஸ்பூனால் கொடுத்தான். சார் இரண்டு கையையும் நீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைசியாக என்னிடம் வந்தான். என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தான். பழைய சாதுச் சிரிப்பு. எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது. கையை நீட்டினேன்.

அவன் ஸ்பூனை டப்பாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதே என்ற அக்கறையோடு, அந்தக் காற்றுக் குரலில் கேட்டான்.

"இன்னைக்கு நீ வாங்கலாம்ல?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இவனுமா என்று ஒன்று உள்ளே கேட்டது. அவன் காத்துக்கொண்டு நின்றான், பொறுமையாக, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்.

"வாங்கலாம்" என்றேன். என் குரலும் அவன் குரல் மாதிரியே வந்தது. "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இனி ஒன் கழுத்து மாட்டுச்சுன்னா, சுவிட்ச அமுக்குறதுக்கு முன்னாடி நானும் ஒன்னையக் கேட்டுட்டுத்தான் அமுக்குவேன். இன்னைக்கு நான் தொடலாமான்னு."

அவனைக் குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். அவனுக்குக் குத்தவில்லை. கொஞ்சம் யோசித்தான். அதில் நியாயம் இருப்பதாகப் பட்டிருக்க வேண்டும்.

"சரி, கேளு" என்றான். பிறகு என் உள்ளங்கைத் தையல் தழும்பின் மேல், ஸ்பூன் படாமல், உயரத் தூக்கிப் பஞ்சாமிர்தத்தை விட்டான்.